மறைத்தால் தீருமா?

பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கால் வருந்திய பெண்ணை மாற்கு நற்செய்தியில் நாம் அறிவோம். கூட்டத்தில் ஒளிந்து வந்து தொட்டவளை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. எல்லார் முன்பும் வாய்திறக்க வைத்தார். நம் வீடுகளிலோ, "வெளியே சொல்லாதே, நாளைக்கு யார் கட்டுவார்கள்?" என்கிறார்கள்.

மாதவிலக்கு முறை தவறினால் பிள்ளை பிறக்காது என்று பாட்டி சொன்னதைக் கேட்டு அழுத தோழி எனக்கு உண்டு. பூப்பெய்திய முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் நாள் முன்பின்னாவது பலருக்கும் இயல்பே. கருமுட்டை மாதந்தோறும் வெளிப்படும் ஒழுங்கு இன்னும் அமையவில்லை, அவ்வளவுதான். அதற்குள் மலடிப் பட்டமா?

பயப்பட வேண்டியது வேறு. ஏழு நாளைத் தாண்டினாலோ, மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ அது வெறும் 'உடம்புச் சூடு' அன்று. இரத்தம் சரியாக உறையாத ஒரு பரம்பரை நோயைப் பற்றிப் பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட் 1926-இல் எழுதினார். ஐந்து வயதில் அவரிடம் வந்த தீவுச் சிறுமி, பின்னாளில் தன் நான்காவது மாதவிலக்கிலேயே இரத்தம் நிற்காமல் மாண்டாள். இன்று அதற்குச் சிகிச்சை உண்டு. சொன்னால்தானே மருத்துவருக்குத் தெரியும்?

என் தோழி எட்டாம் நாளும் பள்ளிக்கு வரவில்லை. விடுப்புக் கடிதத்தில் 'காய்ச்சல்' என்றிருந்தது.