பூவோடு புழுவையும் படம் பிடியுங்கள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வெயில் தலைகாட்டும் நாட்களில், வீட்டுக் கொல்லையில் பூத்திருக்கும் செவ்வந்தியையும் இட்லிப்பூவையும் வண்ணத்துப்பூச்சிகள் மொய்க்கின்றன. கைபேசியும் கையுமாகப் பிள்ளைகள் அவற்றின் பின்னே திரிவதைப் பார்த்து, வேலையற்ற வேலை என்று பெரியவர்கள் கடிந்துகொள்கிறார்கள். அரை ஏக்கர் எலுமிச்சையோ கறிவேப்பிலையோ வைத்திருக்கும் குடும்பம் இதைத் தடுக்கக் கூடாது. பூவில் அமர்ந்த பூச்சியோடு நின்றுவிடாமல், இலையில் இருக்கும் புழுவையும் படம் எடுக்கச் சொல்ல வேண்டும்.

எலுமிச்சைக் கன்றின் கொழுந்திலையில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். எச்சம்தான் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. வளர்ந்ததும் பச்சை நிறமாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவை போன்ற உறுப்பை நீட்டி நாற்றம் வீசும். முட்டை மூன்று நான்கு நாட்களில் பொரிகிறது. புழுப்பருவம் இரண்டு மூன்று வாரம் நீடிக்கும். கறிவேப்பிலையிலும் வில்வத்திலும் இதே புழுவைக் காணலாம். வளர்ந்த மரத்துக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை. நாற்றங்காலிலும் புதிதாக நட்ட கன்றிலும்தான் இலை முழுவதையும் தின்று குச்சியை மட்டும் விட்டுவைக்கும்.

ஒரே புழுவை நாள் தவறாமல் படம் எடுக்கும் பிள்ளை, அது கூட்டுப்புழுவாகிச் சிறகு முளைத்துப் பறப்பதுவரை பார்த்துவிடுகிறது. கைபேசி ஒவ்வொரு படத்துக்கும் தேதியைக் குறித்து வைத்திருக்கும். முட்டை எந்த வாரம் விழுந்தது, எந்தக் கன்றில் அதிகம் என்பதெல்லாம் அதிலிருந்து தெரியவரும். ஐம்பது கன்றானாலும் காலையில் சற்று நேரம் ஒதுக்கினால் முட்டையையும் புழுவையும் கையாலேயே எடுத்துவிடலாம்.

ஆனால் நடப்பது வேறு. இலையில் ஓட்டை கண்டவுடன் தெளிப்பானைத் தூக்குகிறார்கள். கறிவேப்பிலையில் இது மிகத் தவறான வழக்கம். அங்கே இலையே விளைபொருள். இன்று தெளித்து நாளை பறித்தால் நஞ்சு அப்படியே குழம்புக்குப் போகிறது. புழுவின் முட்டையில் தன் முட்டையை இட்டு அழிக்கும் சிறு குளவிகளும் கூடவே மடிகின்றன. பாக்டீரியாவிலிருந்து தயாரிக்கும் பி.டி. மருந்து பாதுகாப்பானது என்பது மெய்தான். என்றாலும் அதைத் தின்ற வண்ணத்துப்பூச்சிப் புழுவும் பிழைக்காது.

அழகான பூச்சியெல்லாம் நல்லது என்று எண்ணிவிடவும் கூடாது. மாதுளையில் பழத்தைத் துளைக்கும் புழு ஓர் அழகிய வண்ணத்துப்பூச்சியின் குஞ்சுதான். பூவிலும் பிஞ்சிலும் முட்டையிட்டுச் செல்கிறது. புழு உள்ளே புகுந்தபின் மருந்து எட்டாது. எனவே மாதுளைப் பூவில் அந்தப் பூச்சியைப் படம் எடுத்த அன்றே, பிஞ்சுகளுக்குப் பை கட்டும் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். அவரை, துவரைப் பூக்களில் சுற்றும் சிறு நீல நிறப் பூச்சியையும் கவனிப்பது நன்று.

எருக்கு, கொன்றை, ஆடுதீண்டாப்பாளை ஆகியவற்றில் வளரும் புழுக்களால் பயிருக்கு ஒரு தொல்லையும் கிடையாது. வரப்பில் களைக்கொல்லி அடித்து இச்செடிகளை ஒழிப்பதால் வருமானம் கூடிவிடாது. மகரந்தச் சேர்க்கையில் வண்ணத்துப்பூச்சியைவிடத் தேனீயின் பங்கே பெரிது. என்றாலும் இரண்டும் வருவது அதே பூவுக்கு. இரண்டையும் கொல்வது அதே மருந்து. பூசணிப் பூ விடியற்காலையில் மலர்ந்து முற்பகலிலேயே வாடிவிடும். தெளித்தே தீர வேண்டுமென்றால் மாலையில் தெளிப்பதே முறை.

படம் எடுக்க இளங்காலையே ஏற்றது. குளிர்ந்த உடம்பைச் சூடேற்றிக்கொள்ளப் பூச்சிகள் சிறகை விரித்து வெயில் காயும். நிழல் அதன்மேல் விழாமல், பூவின் உயரத்துக்குக் குனிந்து மெல்ல நெருங்க வேண்டும். சிறகைப் பிடித்து எடுத்தால் செதில்கள் பொடியாக உதிர்ந்துவிடும், அது படமெடுப்பதாகாது. சிறகின் மேற்புறம், அடிப்புறம் இரண்டையும் எடுத்து, எந்தச் செடியில் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். செடியின் பெயர் தெரியாத படம் பாதிப் படம்தான். பெயர் தெரியாத புழுவின் படத்தை வட்டார வேளாண்மை அலுவலகத்தில் காட்டிக் கேட்கலாம். 2019-இல் தமிழக அரசு மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவனைச் சமவெளிக் கொல்லையில் தேட வேண்டாம். அது மலைக்காடுகளைச் சேர்ந்தது.

எடுத்த புழுவைக் கொல்லப் பிள்ளைகளுக்கு மனம் வராது. கொல்லையில் வளர்ந்த கறிவேப்பிலை மரம் ஒன்று இருந்தால் அதில் கொண்டுபோய் விட்டுவிடலாம். அங்கிருந்து பறக்கும் பூச்சி மறுபடியும் கன்றில் முட்டையிடாதா என்றால், இடத்தான் செய்யும். கன்று கிளைத்து வளரும்வரை வாரம் இரண்டு முறை கொழுந்திலைகளைத் திருப்பிப் பார்க்க வேண்டியதுதான்.