தார் பாலைவனத்துக்கு எந்த லென்ஸ்?

குளிர் ஆரம்பித்தால் போதும், தில்லியில் காமிரா வைத்திருக்கும் நம்மவர்களுக்கு ராஜஸ்தான் ஜுரம் வந்துவிடும். சாயங்காலம் ரயில் ஏறினால் மறுநாள் ஜெய்சல்மேர். கிளம்புமுன் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "600 எம்எம் போதுமா, 800 வேணுமா?"

என்னைக் கேட்டால் பாலைவனத்தில் இது மூணாவது கேள்வி. முதலாவது புழுதி, இரண்டாவது கானல்.

திறந்த ஜீப்பில் லென்ஸ் மாற்றினால் சென்சாரில் தார் பாலைவனமே குடிவந்துவிடும். மிரர்லெஸ் காமிரா பலவற்றில் லென்ஸைக் கழற்றியதும் சென்சார் அப்படியே வெளியே தெரியும். ஆகவே அங்கே லென்ஸே மாற்றக் கூடாது. விலை உயர்ந்த ஒரு பாடியை விட சாதாரண பாடி இரண்டு மேல். ஒன்றில் 100-500 அல்லது 200-600, இன்னொன்றில் 24-105. ஜீப் ஓடும்போது காமிரா ஒரு தலையணை உறைக்குள் தூங்கட்டும். தூசியை ரப்பர் புளோயரால் ஊதுங்கள்; கர்ச்சீப்பால் துடைத்தால் மணல் கண்ணாடியைக் கீறிவிடும்.

அடுத்தது கானல். டிசம்பரிலும் வெயில் ஏறியதும் தரைக்கு மேல் காற்று நெளிய ஆரம்பிக்கும். அப்புறம் 300 மீட்டர் தள்ளி நிற்கும் பறவை தண்ணிக்குள் இருக்கிற மாதிரிதான் படத்தில் வரும். பத்து லட்சத்துக்கு மேல் கொடுத்து 600 எஃப்/4 வாங்கினாலும் இதே கதிதான். நீள லென்ஸ் கானலையும் சேர்த்துப் பெரிசாக்கும்! விடிந்து இரண்டு மணி நேரம், பொழுது சாய ஒரு மணி நேரம். நடுவில் டீ குடியுங்கள்.

ஜீப்பில் டிரைபாட் விரிக்க இடம் இருக்காது. காலி பீன் பேக் கொண்டுபோய் அங்கே பயறு வாங்கி நிரப்புங்கள். விடியற்காலைக் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். கூடுதல் பேட்டரி சட்டைப் பைக்குள் கதகதப்பாக இருக்கட்டும்.

பெரிய லென்ஸ் தில்லியில் வாடகைக்கே கிடைக்கிறது. முதலில் சூரு மாவட்டத்துத் தால் சாப்பரில் கை பழகுங்கள். நம்ம கோடியக்கரையில் இருக்கும் அதே வெளிமான்தான். 400 எம்எம் தாராளம்.

அப்படியானால் நீள லென்ஸ் எதற்கு? தள்ளி நிற்பதற்கு. ஜெய்சல்மேர் போகிறவர்கள் தேடுவது கானமயிலை. உலகத்தில் மிச்சம் ஏறக்குறைய 150 பறவைகள், அதில் பெரும்பாலானவை ஜெய்சல்மேர் வட்டாரத்தில். பொதுவாக வருஷத்துக்கு ஒரே முட்டை. கண் பக்கவாட்டில் இருப்பதால் எதிரே வரும் மின்கம்பி சரியாகத் தெரியாமல் மோதிச் சாகிறது. கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொல்லி 2021-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2024-ல் அதைத் தளர்த்தியது. கம்பிக்குத் தப்பிய பறவையை நாம் ஜீப்பில் துரத்த வேண்டுமா?

தடத்தை விட்டு வண்டியை இறக்கச் சொல்லி டிரைவருக்கு நூறு ரூபாய் நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆளிடம் 800 எம்எம் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். கானமயில் தலையைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தாலே நாம் ரொம்பக் கிட்டே வந்துவிட்டோம் என்று அர்த்தம். பறவை படத்தில் சின்னதாக விழுந்தால் விழட்டும். சுற்றிலும் அந்தப் புல்வெளி தெரியுமே, அதுவும் அழிந்துகொண்டிருப்பதுதான்.