வட்டிக்கும் சாதி உண்டு

வரவுக்குள் செலவு செய். டீக்கடைக் கணக்கைக் குறை. சின்னக் கடனை முதலில் அடை. சிறுகச் சிறுகச் சேமி.

இது இப்போது நாடெங்கும் ஓதப்படுகிற புதிய வேதம். வங்கிக்காரர்கள் நிதிக் கல்வி முகாம் என்று ஷாமியானா போட்டு ஓதுகிறார்கள். வார இதழ்கள் சிரித்த முகத்தோடு நிற்கும் இளம் கணவன் மனைவி படத்தைப் போட்டு, ‘கடனிலிருந்து மீண்ட கதை’ என்று ஓதுகின்றன. தொண்டு நிறுவனங்கள் காலனிக்குள் வந்து கணக்கு நோட்டு கொடுத்து ஓதுகின்றன. எல்லா வேதங்களையும் போலவே இதுவும் பாவத்தை அடிபட்டவன் தலையிலேயே இறக்கி வைக்கிறது. நீ கஷ்டப்படுவது போன பிறவியில் செய்த வினை என்று முன்பு சொன்னார்கள். இப்போது போன மாதம் செய்த செலவு என்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

நான் வங்கியில் எழுத்தர். கவுண்ட்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருக்கிறவன். கவிதையும் எழுதுகிறேன். ஆனால் கவிதையைக் கேட்டு இதுவரை எவனும் வட்டியைக் குறைத்ததில்லை என்பதால் இங்கே கணக்கையே எழுதுகிறேன்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு காலனி. அங்கே ஓர் இளம் ஜோடி. அவனுக்குச் சென்ட்ரிங் வேலை. நாள் கூலி 800. மாதத்தில் 18 நாள் வேலை கிடைத்தால் பெரிசு. அவள் பட்டப்படிப்பைப் பாதியில் விட்டவள். துணிக்கடையில் காலை முதல் ராத்திரிவரை நின்றுகொண்டே வேலை. சம்பளம் 8,500. இரண்டும் சேர்ந்து மாதம் 22,900 ரூபாய். 2021 ஜனவரியில் இவர்கள் தலைமேல் இருந்த கடன் 1,60,000.

எதற்கு வாங்கினார்கள்? அவனுடைய அப்பா சாரத்திலிருந்து விழுந்தார். தனியார் ஆஸ்பத்திரிக்கு 60,000, ஐந்து வட்டிக்கு. ஊரடங்கில் வேலை இல்லாத மாதங்களுக்காக அவள் கழுத்துச் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. 50,000, இரண்டு வட்டிக்கு. கூரையைப் பிரித்து ஷீட் போட அவள் பெயரில் குழு லோன் 40,000. இந்தத் தவணைகளைக் கட்டுவதற்காகத் தண்டல் 10,000. இதில் எந்தச் செலவை டீக்கடைக் கணக்கில் குறைத்திருக்க முடியும்? அப்பாவின் இடுப்பு எலும்பையா?

இப்போது வட்டியைப் பாருங்கள். ஐந்து வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் ஐந்து, ஆண்டுக்கு 60. மாதா மாதம் 3,000 போகும். முதல் அசையாது. தண்டலில் 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500தான் கையில் தருவான். தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ‘வெறும் ஆயிரத்தைந்நூறுதானே’ என்று தோன்றும். தினம் தினம் முதல் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டுக்கு நூற்றுக்குச் சுமார் 120. குழு லோனுக்கு 24 சதவீதம், இரண்டு ஆண்டு, மாதம் 2,115. கடன் கொடுக்க வந்த தம்பி ‘பதிமூணு பர்சென்ட்தான் அக்கா’ என்று சொல்லியிருக்கிறான். குறைந்துகொண்டு வரும் முதலுக்கு வட்டி போடாமல், முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி போட்டுப் பார்த்தால் வருகிற எண் அது. பொய் இல்லை. பொய்யைவிடக் கெட்டிக்காரத்தனமானது.

நாலு கடனுக்கும் சேர்த்து மாதம் 9,115. வருமானத்தில் நூற்றுக்கு நாற்பது.

அடைத்தார்கள். 42 மாதம் ஆனது. தண்டலைத் திரும்பத் திரும்ப எடுத்து, மூன்றாவது சுற்றோடு நிறுத்தினார்கள். 20ஆம் மாதம் சீட்டு எடுத்துச் சங்கிலியை மீட்டார்கள். 24ஆம் மாதம் குழு லோன் முடிந்தது. அதற்குப் பிறகுதான் அந்த 60,000-இன் மேல் கை வைக்க முடிந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை 20,000, மூன்று தவணை. 2024 ஜூனில் கடைசி நோட்டை எண்ணிக் கொடுத்தார்கள். ‘கடன முடிச்சிட்டுத்தாண்ணா புள்ள’ என்று அவள் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மூன்றரை வருஷம் ஒரு குழந்தை காத்திருந்தது, வட்டிக்காரனுக்கு வழிவிட்டு.

வார இதழ்க்காரன் இங்கே புள்ளி வைத்துவிடுவான். சிக்கனம், ஒற்றுமை, விடாமுயற்சி, வெற்றி. போட்டோ. நான் வைக்கமாட்டேன். கட்டிய வட்டியை மட்டும் கூட்டுகிறேன். ஐந்து வட்டிக்கு 1,08,000. அடகுக்கடைக்கு 20,000. குழு லோனுக்கு 10,756. தண்டலுக்கு 4,500. மொத்தம் 1,43,256 ரூபாய். அதே 1,60,000-ஐ ஒரு வங்கி 12 சதவீதத்துக்குக் கொடுத்திருந்தால், மாதம் 5,314 வீதம் 36 மாதத்தில் முடிந்திருக்கும். வட்டி சுமார் 31,300. வித்தியாசம் ஏறக்குறைய 1,12,000. அவன் கூலியில் சொன்னால் 140 நாள். எட்டு மாதம் வெயிலில் பலகை அடித்து, கம்பி கட்டி, அதை அப்படியே தூக்கிக் கொடுத்திருக்கிறான்.

இது எந்தக் குற்றத்துக்கு அபராதம்? சேரியில் பிறந்த குற்றத்துக்கு.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் சாலையைத் தாண்டி ஊர்த்தெருவுக்கு வாருங்கள். அங்கே நிலம் இருக்கிறது. நிலம் இருந்தால் கிசான் கடன் அட்டை. பயிர்க்கடன் 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் மானியம் போக 4. கூட்டுறவுச் சங்கத்தில் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடியைத் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டில் கூட்டுறவு வங்கிகளில் 5 பவுனுக்கு உட்பட்ட நகைக்கடனும், மகளிர் குழுக் கடனும் தள்ளுபடி என்று அறிவித்தார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. கடனில் சாகிற உழவன் பிழைக்கட்டும். ஆனால் அந்த நிலத்தில் நாற்று நட்டவள், அந்தக் கரும்பை வெட்டியவன் வாங்கிய எந்தக் கடன் தள்ளுபடி ஆனது? கூட்டுறவின் வாசலுக்குள் கால் வைத்தவனுக்குத்தான் தள்ளுபடி. அடகுக்கடையில் இருந்த சங்கிலிக்கு அரசாணை இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி, கள்ளக்குறிச்சி பிரியாத விழுப்புரம் மாவட்டத்தில் நூற்றுக்கு 29 பேர் தாழ்த்தப்பட்டோர். இவர்களுக்கு ஏன் நிலம் இல்லை என்று கேட்டால் பதில் மறுபடியும் கடனில் போய்த்தான் முடியும். கல்யாணச் செலவுக்கு மிராசுதாரிடம் பணம் வாங்கி, அதை அடைக்க முடியாமல் ஆயுளுக்கும் படியாளாகக் கிடந்தவர்கள் நம் பாட்டன்கள். 1843-இல் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் போட்டார்கள். கடன் என்ற பெயரில் அடிமைமுறை தொடர்ந்தது. செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு, 1892-இல் பஞ்சமி நிலத்துக்கான ஆணை வந்தது. அந்த நிலத்தைத் தாழ்த்தப்பட்டோர் தவிர மற்றவருக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை இருந்தும், ஏக்கர் ஏக்கராகக் கைமாறியது. கத்தியைக் காட்டி மட்டும் பிடுங்கவில்லை. கடன் பத்திரத்தைக் காட்டியும் பிடுங்கினார்கள். 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. கொத்தடிமைக் கடன் செல்லாது, அதை வசூலிப்பது குற்றம் என்கிறது சட்டம். இன்றும் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் முன்பணம் கொடுத்துத்தான் புருஷனையும் பெண்டாட்டியையும் ஜோடியாக லாரியில் ஏற்றுகிறார்கள். அன்றைக்கு ஆண் பெயரில் கடன். இன்றைக்குக் குழு என்ற பெயரில் பெண் பெயரில் கடன். கல்யாணம் ஆனவுடன் கடனுக்குள் நுழைவது மட்டும் மாறவில்லை.

‘வங்கிகளைத்தான் தேசியமயமாக்கிவிட்டார்களே!’ ஆமாம். 1969 ஜூலை 19-இல் 14 வங்கிகள், 1980-இல் மேலும் 6. அந்த வங்கிக்குள் என்ன நடக்கிறது என்பதை நான் சொல்கிறேன்.

1972-இல் வேறுபட்ட வட்டி விகிதத் திட்டம் என்று ஒன்று வந்தது. பரம ஏழைகளுக்கு 4 சதவீத வட்டியில் கடன். வங்கியின் முந்தைய ஆண்டுக் கடனில் நூற்றுக்கு ஒன்று இதற்குப் போக வேண்டும். அதில் 40 சதவீதம் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும். கேட்க எவ்வளவு இனிப்பு! இந்தத் திட்டத்துக்குக் கிராமத்தில் குடும்ப வருமான உச்சவரம்பு என்ன தெரியுமா? 2007-இல் உயர்த்தி வைத்ததே ஆண்டுக்கு 18,000 ரூபாய். மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு. 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி 336. ஒரு வீட்டில் ஒருத்தி 54 நாள் மண் வெட்டினால் 18,144 ரூபாய். முடிந்தது. இந்தத் திட்டத்துக்கு அவள் பணக்காரி. கதவைத் திறந்து வைத்துவிட்டு நிலையைத் தரையோடு தரையாக வைத்தால் எப்படி நுழைவது? ஊர்ந்துதான் நுழைய வேண்டும்.

இன்னொன்று. தாழ்த்தப்பட்டவர் கொடுத்த கடன் மனுவைக் கிளையிலேயே நிராகரிக்கக் கூடாது, அடுத்த மேல்நிலை அதிகாரிதான் செய்ய வேண்டும், காரணத்தை எழுத வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. நல்ல விதி. அதை மீறாமலேயே எப்படி மீறுவது என்பதும் கிளைகளுக்குத் தெரியும். மனுவையே வாங்காமல் விட்டால் போதும். ‘செக்யூரிட்டி இருக்கா? காலனி மனைப்பட்டாவா? அது ஆகாதே. அப்புறம் வாம்மா.’ பேச்சோடு சரி. காகிதத்தில் ஏறாத மனுவுக்கு நிராகரிப்பு எது? அறிக்கையில் நிராகரிப்பு பூஜ்யம் என்று போகும். தீண்டாமை என்பது தொடாமல் செய்கிற காரியம்தானே. தொடாமலே செய்துவிட்டார்கள்.

அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட பெண் எங்கே போவாள்? குழு லோன்காரனிடம். அவனுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி வங்கியிலிருந்து! நுண்கடன் நிறுவனத்துக்கு வங்கி கொடுக்கும் கடனை, ஏழைகளுக்குப் போகிற கடன் என்று முன்னுரிமைக் கணக்கில் எழுதிக்கொள்ள விதி இடம் தருகிறது. கவுண்ட்டரில் கிடைக்காத பணம் நிறுவனத்தின் கை மாறி, வட்டி ஏறி, அவள் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்கிறது. வங்கிக்கு இலக்கு முடிந்தது. நிறுவனத்துக்கு லாபம் வந்தது. அவளுக்கு 24 சதவீதம். அந்த நிறுவனங்களுக்கு இருந்த வட்டி உச்சவரம்பையும் 2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி எடுத்துவிட்டது.

ஈடு இல்லாத கடன் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். ஈடு இல்லாமலா? ஒருத்தி கட்டாவிட்டால் பத்துப் பேர் அவள் வாசலில் உட்கார வேண்டும் என்பதுதான் ஈடு. அடமானம் என்ற சொல்லுக்குள் மானம் இருப்பது சும்மா இல்லை. ஊரில் நிலத்தை வாங்கிக்கொண்டு கொடுக்கிறார்கள். சேரியில் மானத்தை வாங்கிக்கொண்டு கொடுக்கிறார்கள்.

மானம் போனால் என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாடு பார்த்தது. 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கும் நாள். கந்துவட்டிக் கொடுமையைப் பற்றிப் பலமுறை மனு கொடுத்துப் பயன் இல்லாத ஒரு இளம் கணவனும் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளோடு அங்கேயே தீயில் வெந்து போனார்கள். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-இலேயே வந்துவிட்டது. சட்டத்துக்கு வயது 14, வாங்கிய மனுக்களுக்குப் பதில் இல்லை. அதைக் கார்ட்டூனாக வரைந்தவரை மட்டும் அடுத்த மாதமே கைது செய்தார்கள். அவர்களிடம் போய் ‘சின்னக் கடனை முதலில் அடை’ என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

‘உங்க ஆளுங்க மட்டும் யோக்கியமா? குடிக்கலையா? காதுகுத்துக்கு பேனர் வைக்கலையா?’ என்று கேட்கிற நண்பர்களும் உண்டு. குடிக்கிறார்கள். பேனர் வைக்கிறார்கள். ஊர்த்தெருவில் குடிக்கவில்லையா? அங்கே பேனர் இல்லையா? அங்கே குடிப்பவனுக்கு 4 சதவீதம், இங்கே குடிக்காதவளுக்கு 60 சதவீதம். ஒழுக்கத்தை வைத்து வட்டி போடுவதாக இருந்தால் முதலில் அந்தக் கணக்கை நேர் செய்துவிட்டு வாருங்கள்.

சிக்கனம் வேண்டாம் என்று சொல்கிற பைத்தியக்காரன் இல்லை நான். கடன் இருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். தொகையைப் பார்க்காதீர்கள், வட்டியைப் பாருங்கள். தண்டலை முதலில் அறுங்கள். அடுத்து ஐந்து வட்டி. நகையை அடகுக்கடையிலிருந்து வங்கிக்கு மாற்றுங்கள். குழு லோன் தரும்போது எல்லாச் செலவும் சேர்த்த ஆண்டு வட்டி எவ்வளவு என்று எழுதிய தாளை, புரிகிற மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கேட்டு வாங்குங்கள். எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி நுண்கடன் தரக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் வசூல் என்று தொல்லை கொடுக்கக் கூடாது. ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் வந்து நிற்பவனிடம் இதைச் சத்தமாகச் சொல்லுங்கள், தெரு கேட்கும்படி.

ஆனால் இதெல்லாம் காயத்துக்குக் கட்டு. வெட்டுகிற கத்தி வேறு இடத்தில் இருக்கிறது. 18,000 என்ற வருமான வரம்பைத் தூக்கி எறிய வேண்டும். ஒவ்வொரு கிளையும் சேரிக்கு நேரடியாகக் கொடுத்த கடன் எவ்வளவு, நிறுவனங்கள் வழியாகக் கொடுத்தது எவ்வளவு என்று தனித்தனியாக மக்கள் முன் வைக்க வேண்டும். காலனி மனைப்பட்டாவை ஈடாக ஏற்க வழி செய்ய வேண்டும். நம் இயக்கங்கள் சிலைக்கும் கொடிக்கம்பத்துக்கும் போராடிய வேகத்தில் பாதியை வங்கி வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். ‘ரூபாயின் பிரச்சினை’ என்று 1923-இல் புத்தகம் எழுதிய பொருளாதார அறிஞர்தான் அம்பேத்கர் என்பதை மாலை போடும்போதாவது நினைக்க வேண்டாமா?

முதல் வேலையாக, இந்த மாதமே, ஒவ்வொரு காலனியிலிருந்தும் பத்துப் பேர் எழுத்தில் கடன் மனு கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள், சேர்ந்து போங்கள். முன்னுரிமைக் கடன் மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு தர வேண்டியது வங்கியின் கடமை. மேனேஜர் லீவு என்பார்கள், சர்வர் வேலை செய்யவில்லை என்பார்கள், அடுத்த வாரம் வா என்பார்கள். உட்காருங்கள். கையெழுத்தும் தேதியும் சீலும் போட்ட அந்தச் சீட்டு கைக்கு வரும்வரை எழுந்திருக்காதீர்கள்.