மாறுகண் அதிர்ஷ்டமா?

ஒரு கண்ணை மூடிக் கொள்ளுங்கள். ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள்.

நூல் ஊசிக்கு முன்னே போகும். அல்லது பின்னே போகும். காதுக்குள் மட்டும் எளிதில் நுழையாது! இரண்டு கண்களையும் திறந்தால் சட்டென்று கோத்து விடலாம்.

இது ஏன்?

நம் இரு கண்களுக்கும் நடுவே சுமார் 6 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது. ஆகவே வலது கண் ஒரு படம் பிடிக்கிறது. இடது கண் சற்றே மாறுபட்ட இன்னொரு படம் பிடிக்கிறது. மூளை இரண்டையும் சேர்த்து ஒரே காட்சி ஆக்குகிறது. எது பக்கம், எது தூரம் என்பது இதனால்தான் துல்லியமாகத் தெரிகிறது. 1838-ம் ஆண்டிலேயே இங்கிலாந்து விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டன் இதை விளக்கி விட்டார்.

மாறுகண் உள்ள குழந்தைக்கு இது சரிவர நடப்பதில்லை. ஒரு கண் நேரே பார்க்கும். மற்றது மூக்குப் பக்கமோ, காதுப் பக்கமோ திரும்பி நிற்கும். இரண்டு படங்களும் பொருந்தாது. குழந்தையின் மூளை என்ன செய்யும்? ஒரு படத்தைத் தள்ளி விடும்! எப்போதும் ஒரே கண்ணின் படத்தையே தள்ளினால், அந்தக் கண்ணின் பார்வை நாளடைவில் மங்கிப் போகும். இதற்குச் "சோம்பேறிக் கண்" என்று பெயர். பாவம், அந்தக் கண் மீது குற்றம் இல்லை. மூளைதான் அதற்கு வேலை கொடுக்கவில்லை.

பாட்டியின் பேச்சு

நம் வீடுகளில் என்ன சொல்கிறார்கள்?

"மாறுகண் பிள்ளை அதிர்ஷ்டக்காரப் பிள்ளை. டாக்டரிடம் காட்டி அதிர்ஷ்டத்தைக் கெடுத்து விடாதே" என்கிறார்கள்.

அதே பிள்ளை பள்ளிக்கூடம் போனதும், "ஒன்றரைக் கண்" என்று மற்றப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். கலியாணப் பேச்சு வரும்போது, அதிர்ஷ்டம் என்று சொன்னவர்களைக் காணோம்! பெண் குழந்தை என்றால் கேட்கவே வேண்டாம்.

பாட்டிமார் மீது எனக்கு நிறைய மரியாதை உண்டு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் பேச்சைக் கேட்கவே கூடாது.

அட்டையும் விளக்கும்

"சோதனை என்றால் குழந்தை பயப்படுமே?" என்று தாய்மார் கேட்கலாம். இதில் ஊசி இல்லை. வலி இல்லை.

டாக்டர் ஒரு பொம்மையைக் காட்டுவார். குழந்தை அதைப் பார்க்கும்போது ஒரு கண்ணை அட்டையால் மறைப்பார். மறைக்காத கண்ணையே உற்றுக் கவனிப்பார். அது வெடுக்கென்று நகர்ந்து பொம்மையைப் பார்த்தால், அதுவரை அது வேறு எங்கோ பார்த்துக் கொண்டிருந்தது என்று பொருள். மற்றக் கண்ணுக்கும் இப்படியே. அவ்வளவுதான்! மூக்குத்தண்டு அகலமான சில குழந்தைகளுக்கு மாறுகண் போலத் தோன்றும், உண்மையில் இராது. அதையும் இந்தச் சோதனை காட்டி விடும்.

இன்னொரு சோதனை வேடிக்கையானது. நான்கு விளக்குகள். ஒன்று சிவப்பு, இரண்டு பச்சை, ஒன்று வெள்ளை. குழந்தையின் வலது கண்ணுக்குச் சிவப்புக் கண்ணாடி, இடது கண்ணுக்குப் பச்சைக் கண்ணாடி. "எத்தனை விளக்கு?" என்று கேட்பார்கள்.

நான்கு என்றால் இரு கண்களும் சேர்ந்து வேலை செய்கின்றன. இரண்டு என்றால் வலது கண் மட்டும் பார்க்கிறது. மூன்று என்றால் இடது கண் மட்டும். ஐந்து என்றால்? ஒரே பொருள் இரண்டாகத் தெரிகிறது!

ஈ சோதனையும் உண்டு. தனிக் கண்ணாடி போட்டுக் கொண்டு ஒரு பெரிய ஈயின் படத்தைப் பார்க்க வேண்டும். இரு கண்களும் ஒத்துழைத்தால் ஈ தாளை விட்டு எழுந்து நிற்கும். அதன் இறக்கையைக் கிள்ளப் போகும் குழந்தையின் விரல்கள், தாளுக்கு மேலே காற்றைக் கிள்ளும். சில குழந்தைகள் "ஐயோ, ஈ!" என்று கையை இழுத்துக் கொள்வதும் உண்டு.

எப்போது காட்டுவது?

பிறந்த குழந்தையின் கண்கள் முதலில் அங்கும் இங்கும் அலையலாம். 4 மாதம் ஆன பிறகும் ஒரு கண் விலகி நின்றால் உடனே காட்ட வேண்டும். அபூர்வமாகக் கண்ணுக்குள் புற்றுநோய்க் கட்டி இருந்தாலும் மாறுகண் வரும். கண்மணியில் வெள்ளை ஒளி தெரிந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

சிலருக்குக் கண்ணாடி போதும். சிலருக்கு ஆபரேஷன் வேண்டும். பார்வை மங்கிய கண்ணுக்கு வேலை கொடுக்க, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைப்பார்கள். பிரான்சு நாட்டு அறிஞர் பூபோன் 1743-லேயே சொன்ன வைத்தியம் இது. 7 வயதுக்குள் செய்தால் பலன் அதிகம்.

மாறுகண்ணாவது வெளியே தெரிகிறது. ஒரு கண்ணில் மட்டும் பவர் கூடுதலாக இருந்தால், வெளியே ஒன்றும் தெரியாது. குழந்தை நல்ல கண்ணாலேயே படிக்கும், விளையாடும். வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் வராது. அதனால்தான் சொல்கிறேன்: பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயதுக்குச் சான்று கேட்கிறோமே, ஒவ்வொரு கண்ணையும் தனியாகவும், இரண்டையும் சேர்த்தும் சோதித்ததற்கு ஒரு சீட்டுக் கேட்டால் என்ன?

அமெரிக்காவில் சூசன் பாரி என்ற ஓய்வு பெற்ற பேராசிரியை இருக்கிறார். பச்சைக் குழந்தையிலேயே மாறுகண். சிறு வயதில் ஆபரேஷன்கள் நடந்தன. கண்கள் நேராகி விட்டன. எல்லோரும் திருப்தி அடைந்தார்கள். ஆனால் அவை சேர்ந்து பார்க்கவில்லை என்பது, கல்லூரியில் பாடம் கேட்டபோதுதான் அவருக்கே தெரிந்தது! பல ஆண்டுகள் கழித்து, 48 வயதில், கண் பயிற்சி எடுத்துக் கொண்டார். ஒரு நாள் காரில் ஏறி உட்கார்ந்தார். எதிரே இருந்த ஸ்டீயரிங் சக்கரம், தனியே முன்னால் வந்து மிதப்பது போல் நின்றது.