தெருவை இடித்து அடுக்ககம் கட்டுவதா?

காரைக்காலையொட்டிய தலத்தெருவின் பெயரிலேயே தெரு நிற்கின்றது. அக்கம்பக்கத்து ஊர்ப்பெயர்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்: கோட்டுச்சேரி, பட்டினச்சேரி, அக்கம்பேட்டை, காளிக்குப்பம், கிளிஞ்சல்மேடு. தெருவும் சேரியும் பேட்டையும் குப்பமும் மக்கள் கூடி வாழ்ந்த இடங்களைச் சுட்டும் தமிழ்ச் சொற்கள். தனித்து நிற்கும் வீட்டை அவற்றுள் ஒன்றேனும் குறிக்கவில்லை. கூடி வாழ்தலே குடியிருப்பு எனவும், கூட்டமே காவல் எனவும் தமிழன் கண்டிருந்தான் என்பதற்கு இப்பெயர்களே சான்று.

சேர்ந்து வாழுமிடம் சேரி. முதற் பராந்தகச் சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டில், பார்ப்பனர் வாழ்ந்த ஊரின் பகுதிகளுக்கே சேரி என்பதுதான் பெயர். பின்னாளில் சாதிவெறி அச்சொல்லை ஒடுக்கப்பட்டோர் வாழ்விடத்துக்கென ஒதுக்கி இழிவேற்றிற்று. அலுவலகத் தமிழும் அவ்விழிவை வாய்மூடி ஏற்றுக்கொண்டது. புதுச்சேரி எனத் தன் பெயரிலேயே சேரியைத் தாங்கி, 2006இல் அப்பெயரை முறையாக மீட்டுக்கொண்ட ஆட்சிப் பகுதியிலும், சேரி என்றால் அகற்றத்தக்கது என்று எண்ணுவார் இன்றும் உளர். சொல் தாழ்ந்தால் அச்சொல்லுக்குரிய மக்களும் தாழ்வாக எண்ணப்படுவர். இடிக்கலாம் என்னும் துணிவு கடப்பாரையில் பிறப்பதில்லை, சொல்லில் பிறக்கின்றது.

குடிசையே இருக்கட்டும் என்று கூறுவார் எவருமிலர். கூரை தீப்பற்றுவதும், மழைநாளில் சாக்கடை உள்ளே புகுவதும் குடிசையில் வாழ்வோர்க்கு எவரும் சொல்லித் தெரியவேண்டியதன்று. 1970இல் தமிழ்நாட்டில் குடிசை மாற்று வாரியம் தோன்றியதும், 1971இல் அதற்கெனச் சட்டம் வந்ததும் நற்செயல்களே. அந்நாளில் குடிசை இருந்த இடத்திலேயே மூன்று நான்கு மாடி வீடுகள் பல எழுந்தன. கூலிக்குச் சென்றவன் அதே வேலைக்குச் சென்றான். பிள்ளை அதே பள்ளியில் படித்தது. கூரை மாறிற்று, ஊர் மாறவில்லை.

பின்னர் வழி பிறழ்ந்தது. 2000ஆம் ஆண்டையொட்டி, சென்னையின் ஆற்றோரத்தும் சாலையோரத்தும் வாழ்ந்த எளியோர் நகருக்கு வெளியே கண்ணகி நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் அதனைத் தொடர்ந்தன. கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் 20,000க்கும் மேல். ஏழையரை மட்டுமே திரட்டி ஓரிடத்தில் குவித்தால் அங்கே கடை வளருமா, வேலை வளருமா? வீட்டு வேலைக்குச் சென்ற பெண்கள் பேருந்தேறி இருட்டிய பின் திரும்பலாயினர். அவர்கள் திரும்பும் வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள எதிர்வீட்டுப் பாட்டி இல்லை. அவள் வேறொரு கட்டடத்துக்கு ஒதுக்கப்பட்டுவிட்டாள். அறியாதவர் நடுவே அறியாதவர் வாழும் இடத்தில் குற்றம் தலைகாட்டுவதில் வியப்பென்ன? குற்றத்தை விதைத்தது திட்டம். பழியைச் சுமப்பது மக்கள்! கண்ணகி நகர் என்னும் முகவரியைக் கண்டே வேலை மறுக்கப்பட்ட இளைஞர் பலர். அதே கண்ணகி நகரின் இளம்பெண் ஒருத்திதான் 2025இல் பகுரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுகளில் இந்தியச் சடுகுடு அணியில் ஆடிப் பொன் வென்று வந்தாள். அம்மண்ணில் குறையில்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? முறை கேட்டு மன்னன் வாயிலில் நின்றவளின் பெயரைச் சூட்டியவர்கள், அங்கு வாழ்வோர் முறை கேட்கும்போது செவி சாய்த்திருக்க வேண்டாவா?

2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையை இங்கே நினைத்தல் தகும். அது சென்னைக் கரையையும் தாக்கிற்று. காரைக்கால் கரையையும் தாக்கிற்று. புதுவை ஆட்சிப் பகுதியில் மடிந்தவருள் மிகப் பெரும்பாலோர் காரைக்கால் கரையோரத்து மக்களே. ஒரே அலை, ஆனால் மறுவாழ்வு இருவகையாயிற்று. சென்னைக் கரையில் வீடிழந்த எளியோர் பலர் 20 கி.மீ.க்கும் அப்பால் செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டனர். வலையை எங்கே உலர்த்துவது, மீனை எங்கே விற்பது என்று கேட்பாரில்லை. காரைக்காலிலோ மீனவர் குடியிருப்புகள் பெரும்பாலும் தத்தம் கரைக்கருகே, சற்று உள்ளே தள்ளி, ஊர் ஊராகவே மீண்டும் எழுந்தன. மீனவர் ஊர்க்கூட்டம் தன் மக்களுக்காகப் பேசிற்று. அக்கூட்டங்களில் பெண்களுக்கு இடமில்லாமை பெருங்குறையே. எனினும் கிளிஞ்சல்மேட்டார் கிளிஞ்சல்மேட்டாராகவும், பட்டினச்சேரியார் பட்டினச்சேரியாராகவும் இன்றும் வாழ்கின்றனர். அங்கே இரவில் அயலான் ஒருவன் நுழைந்தால், யார் வீட்டுக்கு வந்தாய் என்று கேட்கும் வாய் பத்து உண்டு. காவல் நிலையம் எத்துணை கட்டினும் அப்பத்து வாய்க்கு ஈடாகுமா?

இனி வரவிருப்பதுதான் கவலைக்குரியது. பேரலைக்குப் பின் எழுந்த அவ்வீடுகளுக்கு இருபது ஆண்டு அகவை ஆகின்றது. கடற்கரையில் உப்புக்காற்று கற்காரைக்குள் புகுந்து கம்பியை அரிக்கும். துருவேறிய கம்பி பருக்கும். பருத்த கம்பி கற்காரையைப் பிளக்கும். பழுது பாராத கட்டடத்தின் முடிவு என்ன என்பதைச் சென்னைத் திருவொற்றியூர் காட்டிற்று. 1993இல் கட்டிய வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி 2021 திசம்பர் 27ஆம் நாள் இடிந்து வீழ்ந்தது. 24 வீடுகள் மண்ணாயின. விரிசலைக் கண்டு மக்கள் முன்னரே வெளியேற்றப்பட்டதால் உயிரிழப்பு நேரவில்லை. புதியது கட்டினால் மட்டும் போதுமா? அதே ஆண்டில், புளியந்தோப்பில் பழைய குடியிருப்பை அகற்றி 1,920 வீடுகளோடு எழுப்பிய அடுக்ககத்தில், கைபட்டாலே சுவர்ப்பூச்சு உதிர்ந்ததை நாடே பார்த்தது.

காரைக்காலிலும் ஒருநாள், பழையதை இடித்துப் பல மாடி கட்டுவோம் என்னும் குரல் எழும். அன்று தலத்தெருவாரும் பட்டினச்சேரியாரும் எதனைக் கேட்பது? உயரமே கேடு என்பதன்று கருத்து. அமெரிக்காவின் செயிண்டு உலூயி நகரில் 1950களின் நடுவில் 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 மாடியாக, எளியோர்க்கென எழுந்தன. மின்தூக்கி மூன்று மாடிக்கு ஒருமுறையே நின்றது. எஞ்சிய மாடியினர் இருண்ட படிக்கட்டில் நடந்தனர். பேணும் செலவை ஏழையரின் வாடகையிலிருந்தே எடுக்க வேண்டுமென்றனர். குடியிருப்போர் குறையக் குறைய வாடகையும் குறைந்தது, பேணுதலும் நின்றது. 1972இல் வெடி வைத்துத் தகர்க்கத் தொடங்கி, 1976க்குள் அனைத்தையும் அகற்றினர். சிங்கப்பூரிலோ 1961இல் புக்கிட் ஓ சுவீயில் எழுந்த பெருந்தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். முந்தைய ஆண்டே அமைந்திருந்த வீட்டு வளர்ச்சிக் கழகம் அதே வட்டாரத்தில் அவர்களுக்கு மாடி வீடு தந்தது. அடுக்ககத்தின் தரைத்தளத்தைத் திறந்த வெளியாக விட்டனர். அங்கே மணமும் நடக்கும், இறுதிச் சடங்கும் நடக்கும், முதியோர் அமர்ந்து பேசுவர். அது நம் திண்ணையன்றி வேறென்ன? 1995 முதல் பழைய கட்டடங்கள் சிலவற்றைப் புதுப்பிக்கும்போது, அங்கிருந்தோர்க்கு அருகிலேயே, அண்டை வீட்டாரோடு சேர்ந்தே வீடு பெறும் வாய்ப்பும் அளித்தனர். அமெரிக்கர் மாடியைக் கட்டினர். சிங்கப்பூரார் மாடிக்குள் தெருவைக் கட்டினர்.

2021இல் குடிசை மாற்று வாரியத்தின் பெயரைத் தமிழ்நாட்டரசு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாற்றிற்று. இழிவு நீங்கிற்று; வரவேற்கத் தக்கதே. ஆனால் வாரியம் என்னும் சொல்லின் பொருள் திரும்பியதா? உத்தரமேரூரில் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் 30 குடும்புகளிலிருந்து குடவோலையால் தெரிந்தெடுக்கப்பட்டவர் அமர்ந்த அவைகள். நிலமுடையோர்க்கே அதில் இடம். பெண்ணுக்கும் உழைப்பவனுக்கும் இடமில்லை. அக்குறை களையத் தக்கது. ஆயினும் ஊரில் வாழ்பவனே ஊரின் வாரியத்தில் அமர வேண்டும் என்னும் நெறி கொள்ளத் தக்கது. இன்றைய வாரியத்தில் அலுவலர் உளர், பொறியாளர் உளர், ஒப்பந்தக்காரர் உளர். அவ்வீட்டில் வாழப் போகின்றவர் எங்கே?

ஆகவே காரைக்கால் மக்கள் இன்றே கேட்க வேண்டியவை சில. இருக்கும் இடத்திலேயே வீடு வேண்டும். வரைபடம் எழுதுமுன் குடியிருப்போர் அவை கூட வேண்டும். அதில் பாதி பெண்களாதல் வேண்டும். ஒரு தெருவார்க்கு ஒரே படிக்கட்டில் வீடு ஒதுக்க வேண்டும். தரைத்தளத்தில் கடையும் படிப்பகமும் திண்ணையும் வேண்டும். பேணும் பணத்தை ஆண்டுதோறும் அரசே தனியே ஒதுக்க வேண்டும். ஒதுக்கீட்டு ஆணை தமிழில் இருக்க வேண்டும்; தான் கையெழுத்திடுவது யாதென்று அவ்வீட்டுப் பெண் படித்தறிய வேண்டும். புதுக் கட்டடத்துக்குத் தலைவர் பெயர் தேடி அலைய வேண்டா. அம்மண்ணின் பழம்பெயரே அதற்குப் போதும்.

தெருவைக் காத்த மக்களைத் தெரு காத்தது. அத்தெருவை இடிப்பவர் எத்துணை மாடி எழுப்பினும் அங்கே வீடு இருக்கும், ஊர் இராது. காரைக்கால் தமிழர் இதனைக் கட்டடம் எழுந்த பின் உணர்ந்து பயனில்லை. கல் நடுமுன் கேட்க வேண்டும். கூடிக் கேட்க வேண்டும்!