வெற்றி வேந்தனுக்கு வேடம் எதற்கு?

அலெக்சாண்டர் பெரியவனா, அக்கிலீஸ் பெரியவனா என்று கேட்பர், வரலாற்றை வீர விளையாட்டாகக் கற்போர். ஒருவன் மண்ணில் வாழ்ந்தவன். மற்றவன் ஓமர் பாடிய இலியத்தில் உலவுபவன். இருவரையும் ஒரே தராசில் நிறுப்பது எங்ஙனம்? கேட்கவேண்டிய கேள்வி வேறு: இந்த ஒப்புமையால் உயர்ந்தவன் யார்? ஒழிந்தவன் யார்?

தாய்வழியில் அக்கிலீசின் கொடிவழி என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் அலெக்சாண்டர். தலையணையின் கீழ்க் குத்துவாளோடு இலியத் ஏட்டையும் வைத்துறங்கினான் என்கிறார் புளூட்டார்க். கி.மு. 334இல் ஆசியாவில் அடிவைத்தவன், திராய் சென்று அக்கிலீசின் கல்லறைக்கு மாலை சூட்டினான். மாலை சூட்டியதோடு நின்றானா? கி.மு. 332இல் காசாக் கோட்டை வீழ்ந்தபோது, அதன் தலைவன் பாத்திசின் குதிகால்களில் வார் கோத்து, தேரில் பிணைத்து, உயிரோடு இழுக்கச் செய்தான் என்று எழுதுகிறார் உரோமானிய ஆசிரியர் கர்த்தியஸ். எக்டரை அக்கிலீஸ் இழுத்த காட்சியின் நகல் அது! அக்கிலீசாவது பிணத்தை இழுத்தான். பின்னர், மகனை இழந்த கிழவன் பிரியமோடு சேர்ந்து அழுது, உடலைத் திருப்பித் தந்தான். சினத்தைக் கற்ற மாணவன், கண்ணீரைக் கற்கவில்லை!

கிரேக்கத்துக் கதை நமக்கெதற்கு என்பீரோ? நாட்றம்பள்ளித் தோழர்களே, தொலைவு போகவேண்டாம். வாணியம்பாடிக்கு அருகிலுள்ள உதயேந்திரத்தைப் பாருங்கள். அங்குக் கிடைத்த பத்தாம் நூற்றாண்டுச் செப்பேடு, முதலாம் பராந்தக சோழனைப் போற்றுகிறது. பாண்டியனுக்குத் துணைவந்த இலங்கைப் படையை அவன் முறியடித்தான். ஆகவே ‘சங்கிராம ராகவன்’ ஆனான்! போர்க்களத்து இராமனாம்! தமிழ் மன்னன் தலையில் இராமன் முடி. எதிரே நின்றவன் இராவணன். புகழ்ச்சி வடமொழிச் சுலோகத்தில். நிலத்தின் எல்லை தமிழில். பலன், தானம் பெற்ற அந்தணர்க்கு! அப்போரில் மாண்ட காலாள் ஒருவன் பெயரேனும் அதிலுண்டா?

“தமிழ்ப் பேரரசனைக் குறை கூறலாமா?” எனச் சினப்பர் சிலர். அவன் ஆற்றலை மறுக்கவில்லை. ஆற்றலுக்கு அவதார முலாம் எதற்கு என்றே கேட்கிறோம். காப்பிய வேடம் புனைந்த மன்னனிடம் எவனும் கணக்குக் கேட்கமாட்டான்; கொலை லீலையாகும், கொள்ளை தருமமாகும். அதற்காகவே அந்த வேடம்!

காப்பியத்தைக் கொளுத்தச் சொல்லவில்லை. கண்திறந்து படிக்கச் சொல்லுகிறோம். இலியத்தில் தெர்சிதிஸ் என்றொரு சாமானியன் எழுகிறான். பேரரசன் அகமெம்னானின் பேராசையை முகத்துக்கெதிரே இடித்துரைக்கிறான். விடை? முதுகில் விழுந்த செங்கோலடி! ஏயாசின் ஏழு மாட்டுத்தோல் கேடயத்தைச் செய்த டைக்கியஸ் அங்கே வருகிறான். தோல் தொழிலாளரில் தலைசிறந்தவன் என்று பெயர் சொல்லிப் பாராட்டுகிறார் ஓமர். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோலைப் பதமாக்கும் கைகளைத் தீட்டென்று ஒதுக்கிய சாத்திரத்துக்கு அந்தப் பண்பு இருந்ததுண்டா?

அக்கிலீசின் கடைசிச் சொல்லையும் கேளுங்கள். ஒடிசியில், இறந்தோர் உலகில் நிற்கும் அவன், செத்தவர்க்கெல்லாம் அரசனாய் இருப்பதினும், உயிரோடு ஓர் ஏழையின் வயலில் கூலியாளாய் உழைப்பதே மேல் என்கிறான். காலமெல்லாம் அவனைப் பின்பற்றிய அலெக்சாண்டர் கி.மு. 323இல், முப்பத்திரண்டு வயதில், பாபிலோனில் மாண்டான். அந்த உண்மையை எட்டவேயில்லை. அவன் வீரர்கள் எட்டினர்! கி.மு. 326இல் பியாஸ் ஆற்றங்கரையில், இனி ஓரடியும் வையோம் என்றனர். உலகை வென்றவன் திரும்பி நடந்தான்.

இளைஞனே, உனக்கு முன்மாதிரி வேண்டுமா? தேரில் நின்றவனைத் தேடாதே. அடிபட்டும் கேள்வி கேட்டவனைத் தேடு. கேடயம் தைத்தவனைத் தேடு. ‘போதும்’ என்று ஆற்றங்கரையில் நின்றவனைத் தேடு. வேடம் கலையட்டும், மனிதன் தெரியட்டும்!