உதவிப் பணமா? உழைப்பின் விலையா?

விலைவாசி ஏற்றத்தினால் குடும்பங்கள் படும் துயரைத் தணிக்கச் சர்க்கார் செய்துவரும் ஏற்பாடுகளைக் குறித்துத் தோட்டத்திலும் பட்டணத்திலும் பேசாத வாயில்லை. "கொடுக்கிறார்கள், வாங்கிக்கொண்டு நன்றி கூறாமல் குறை கூறுவது தகுமா?" என்று நம்மவரிலேயே சிலர் கேட்கின்றனர். குறை கூறுவது தகும் என்பது மாத்திரமல்ல, கூறாதிருப்பதே தகாது என்பதை எடுத்துக்காட்டவே இதனை எழுதத் துணிந்தேன்.

முதலாவது, உதவித்தொகை. 2012-ஆம் ஆண்டில், மாத வருமானம் 3,000 வெள்ளிக்கு மேற்படாத குடும்பத்திற்கு 500 வெள்ளி என்று, 'பிரிம்' என்னும் பெயரோடு இது பிறந்தது. பின்னர் 'பந்துவான் சாரா ஹிடுப்' ஆயிற்று. 'பந்துவான் பிரிஹாத்தின் ரக்யாட்' ஆயிற்று. 'பந்துவான் கெலுவார்கா மலேசியா' ஆயிற்று. 2023-இல் 'சும்பாங்கான் துனாய் ரஹ்மா' ஆயிற்று. பிள்ளை ஒன்று, பெயர் ஐந்து! சட்டத்தால் நிலைபெற்ற உரிமைக்கு இத்தனை பெயர் வேண்டியதில்லை. கொடுப்பவர் இன்னாரென்று வாங்குபவர் மறவாதிருக்க வேண்டுமானால் அன்றோ பெயர் மாற்றம் தேவைப்படும்?

2025-ஆம் ஆண்டில் 18 வயது நிரம்பிய ஒவ்வொரு பிரஜைக்கும் 100 வெள்ளி அடையாள அட்டையிலேயே வழங்கப்பட்டது. நல்லதே. ஆயினும் அதனைப் பதிவு பெற்ற கடைகளில், குறித்த பண்டங்களுக்கு மட்டுமே செலவிடலாம் என்று விதித்தார்கள். பட்டணவாசிக்கு இது பொருட்டன்று. செம்பனைக் காட்டின் நடுவே லயத்தில் குடியிருப்பவனுக்கோ, தோட்டத்துக் கடையில் அட்டை வாங்கும் கருவி இல்லையெனின், அந்த 100 வெள்ளியைச் செலவிட வண்டிச் சத்தத்திற்குத் தன் கைக்காசைக் கொடுக்க வேண்டியதாகிறது.

இரண்டாவது, விலைக் கட்டுப்பாடு. 2023 ஜூலை 20-ஆம் தேதி இந்திய சர்க்கார் வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடுத்தது. செப்டம்பர் முதல் தேதி இந்நாட்டில் இறக்குமதி அரிசியின் விலை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாயிற்று. அதாவது நூற்றுக்கு 36 பங்கு ஏற்றம். உள்நாட்டு வெள்ளை அரிசிக்கு மட்டும் 10 கிலோ 26 வெள்ளி என்னும் கட்டுப்பாட்டு விலை இருந்தது. நடந்ததென்ன? அந்த அரிசி கடைகளில் காணாமற் போயிற்று! உள்நாட்டு அரிசியைப் பை மாற்றி இறக்குமதி அரிசியென விற்பதாகப் புகார்கள் எழுந்தன. விலைப்பலகையில் மலிவாயிருந்த அரிசி உலைப்பானைக்கு வரவில்லை. சரக்கு வரும் வழியைக் காவாமல் விலையை மட்டும் எழுதி வைப்பது, ஏட்டுச் சுரைக்காயைக் கறிக்கு நறுக்கச் சொல்வதேயாகும்.

மூன்றாவதாக, எவரும் பேச விரும்பாத விஷயத்திற்கு வருவோம். அது கூலி.

குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியென ஏற்பட்டது. குறைந்தது இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனை ஆராய வேண்டுமென்று 2011-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆனால் அடுத்த உயர்வு வந்தது 2016 ஜூலையிலே. 2022 மே மாதத்தில் 1,500 வெள்ளியானது, 1,700 வெள்ளியாவதற்கு 2025 பிப்ரவரி வரை, 33 மாதம் காத்திருக்க நேர்ந்தது. இரண்டாண்டு முடிந்தவுடன் உயர்ந்திருந்தால், எஞ்சிய ஒன்பது மாதத்திற்கு மாதம் 200 வீதம் ஒவ்வொரு தொழிலாளிக்கும் 1,800 வெள்ளி கிடைத்திருக்கும். கூலிப் பட்டியல் எழுதும் கிராணியாகிய நான் இக்கணக்கை என் கையாலேயே போட்டுப் பார்த்தேன். இந்த 1,800 வெள்ளி எந்தப் பத்திரிகையிலும் நஷ்டமென்று வரவில்லை. கொடுத்த 100 வெள்ளிக்கு மட்டும் கைகுவித்தோம்!

"கூலி உயர்ந்தால் விலையும் உயருமே" என்பார் சில அறிவாளிகள். அரிசி விலை ஏறிய 2023-இல் தோட்டத்தில் சட்டக் கூலி ஒரு காசேனும் ஏறியதா? இல்லையே! பின் எந்தக் கூலி அந்த விலையை ஏற்றிற்று? மேலும், உதவித்தொகை பிரஜைக்கு மட்டுமே. பக்கத்து நிரையில் குலை வெட்டும் வங்காளதேசத் தோழனுக்கு அது இல்லை. சட்டக் கூலியோ இருவருக்கும் உண்டு. உதவி நம்மைப் பிரிக்கிறது. கூலி நம்மைச் சேர்க்கிறது.

உதவியே வேண்டாமென்று நாம் கூறவில்லை. உழைக்க இயலாத முதியவர்க்கும், துணையற்ற விதவைக்கும், நோயாளிக்கும் அது அவசியம். முழுநாள் உழைப்பவனும் அதற்குக் கையேந்த நேர்வதே மானக்கேடு. 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது தானம் கேட்கவில்லை. கூலியும், துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்காத மரியாதையும் கேட்டனர். அதற்காகத் தோழர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். அவர்கள் வழிவந்த நாம் இன்று, ஐந்து கிலோ அரிசிப் பையைப் பத்துப் பேர் பிடித்துக்கொண்டு படமெடுக்கும் கூட்டத்திற்குப் பொன்னாடை வாங்க நன்கொடை பிரிக்கிறோம்!

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. விலைவாசிக்கு ஏற்பக் குறித்த தேதியில் கூலி மாறவேண்டும். உதவித்தொகை ஒரே பெயரில், சட்ட உரிமையாக, ரொக்கமாகக் கிடைக்கவேண்டும். கட்டுப்பாட்டு விலைச் சரக்கு தோட்ட வாசலுக்கு வரவேண்டும். மூன்றாவதற்குச் சர்க்காரை மட்டும் பார்த்திருப்பானேன்? தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் தோட்டங்களையே வாங்கிற்று. தோட்டம் வாங்கிய கைகள் ஒரு பலசரக்குக் கடை நடத்த மாட்டாவா?

தோழர்களே! பொன்னாடைக்குப் பிரித்த பணத்தை அக்கடைக்கு முதலாக்குங்கள். அடுத்த முறை அரிசிப் பையோடு வருபவரிடம், "ஐயா, எங்கள் கூலி எந்தத் தேதியில் உயரும்?" என்று கேளுங்கள். படமெடுக்க நிற்பது அவர் பதில் சொன்ன பிறகு ஆகட்டும்.